மாமா ஊருக்குக் கொடுத்த சீம்பால்

அந்த எவர்சில்வர் தட்டை எரிச்சல் இல்லாமல் என்னால் இன்றும் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. விளிம்பு உயர்ந்த, அகலமான தட்டு. அதில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்த சீம்பால், சதுரம் சதுரமாகக் கீறப்பட்டு, மேலே இரண்டு இழை குங்குமப்பூ ஒட்டிக்கொண்டு, தட்டை அசைத்தால் தானும் லேசாக அசையும். புனேயில் இதைக் கர்வஸ் என்பார்கள். புனேயை ஒட்டிய லோஹேகாவில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, சாணம் ஒட்டிய செருப்பைக்கூடக் கழற்றாமல், மாமா அதை இரண்டு கைகளாலும் நீட்டுவார். "இன்னிக்குக் காலைல கறந்தது அம்மிணி. மொதக் கறவை. எப்படிக் கெட்டியா நிக்குது பாரு" என்பார். எனக்குக் கேட்பதற்கு ஒரே கேள்விதான் இருக்கும். கன்றுக்குக் கொடுத்தீர்களா? "அதுக்கு இல்லாமயா? சாயங்காலம் குடுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தட்டைக் கொடுக்கக் கிளம்பிவிடுவார். சாயங்காலம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு மண்டை காயும்.

மாமா என்றது என் அக்காவின் கணவரை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கணினி வேலைக்கென்று புனே வந்தவர், மகர்பட்டாவிலேயே அலுவலகம், மகர்பட்டாவிலேயே வீடு என்று ஒரு வளாகத்துக்குள் தன் இளமையைக் கழித்தவர். அக்காவுக்கு வங்கியில் வேலை. நான் கால்நடை மருத்துவம் படித்தவள். என் கணவர் விமானப்படையில் இருப்பதால் அவருக்கு மாற்றல் வரும் ஊர்களிலெல்லாம் கிடைத்த வேலையைச் செய்துவந்தேன். லோஹேகாவுக்கு வந்தபின் நாய், பூனைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். படிக்கும்போதும் அதன்பின் சில வருடங்களும் மாடுகளோடுதான் என் காலம் போயிற்று. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மாட்டைப் பற்றி முறையாகப் படித்த ஒரே ஆள் மாமாவின் சொந்தத்தில் நான்தான். ஆனால் பால்பண்ணை வைக்கலாமா என்று அவர் கேட்காத ஒரே ஆளும் நான்தான்.

ஐம்பதை எட்டுவதற்கு முன்பே வேலையை விட்டார். அத்தனை வருடமும் அடுத்தவர் செய்த வேலையைச் சரிபார்ப்பதுதான் தன் வேலையாக இருந்தது என்று ஒருமுறை சொன்னார். கையால் ஒன்றைச் செய்து இன்னொருவர் கையில் கொடுக்கும் பிழைப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சாகண் தாண்டி, தொழிற்சாலைகளின் லாரி வரிசை முடியும் இடத்துக்கு அப்பால் நிலம் குத்தகைக்கு எடுத்துக் கொட்டகை போட்டார். கலப்பினப் பசுக்கள் சிலவற்றை வாங்கினார். பாலைக் கண்ணாடி பாட்டிலில் நிரப்பித் தன் குடியிருப்பின் மாடி வீடுகளுக்கே அனுப்பத் தொடங்கினார். மாடு வளர்ப்பது எப்படி என்று தொலைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னதை மறுநாள் தானே பத்து வருடம் செய்து பார்த்ததுபோலப் பேசுவார். நான் ஏதாவது சொன்னால், "நீ நாய் டாக்டர்ல அம்மிணி" என்று சிரிப்பார். விளையாட்டுக்குத்தான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

பண்ணையில் முதல் பசு கன்று போட்டபோது, கறப்பதற்கு வரும் மராத்தி அம்மாள் சீம்பாலில் கர்வஸ் செய்து தந்திருக்கிறாள். மாமா அதை டப்பாக்களில் போட்டுப் பால் வாடிக்கையாளர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோனார். நகரத்தில் கர்வஸ் என்று விற்பதில் பாதி பால்பவுடரில் செய்தது. சின்ன வயதில் சாப்பிட்ட அசல் ருசி நேராக வாசலுக்கு வந்ததும் அந்த மாடி வீடுகளில் ஏற்பட்ட சந்தோஷத்தை அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். பதினைந்து வருடமாக லிஃப்டில் தலையைக் குனிந்தபடி நின்றவர்கள் மாமாவைப் பெயர் சொல்லி அழைத்தார்களாம். ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அதற்குப் பிறகு எந்தப் பசு கன்று போட்டாலும் முதல் கறவை மாடி வீடுகளுக்குத்தான். மராத்தியும் சரியாக வராது, அரட்டையும் தெரியாது என்று ஒதுங்கியிருந்த மனிதர், கர்வஸ் காகா, அதாவது கர்வஸ் சித்தப்பா, ஆகிவிட்டார். அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் கன்றுகள் மட்டுமே.

கன்றுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பிறக்கும்போது நன்றாகத்தான் பிறக்கும். துள்ளும், முட்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வெள்ளையாகக் கழியத் தொடங்கும். கண் உள்ளே போகும், வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருக்கும், பிறகு எழுந்திருக்காது. சில பிழைக்கும். பிழைத்ததும் இருமிக்கொண்டு, மூட்டு வீங்கிக்கொண்டு, வளராமல் நிற்கும். ஒரு கன்று பிழைத்துவிட்டால் மாமா அதையே சாட்சியாகக் காட்டுவார். "இதுக்கும் சாயங்காலம்தான் குடுத்தோம். நல்லாத்தான இருக்குது?"

நான் அவருக்குச் சொன்னதை இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மனிதக் குழந்தை பிறப்பதற்கு முன்பே, தாயின் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாக அதற்கு வந்துசேர்ந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அப்படிப்பட்டதல்ல. அதைத் தாண்டி அந்தப் புரதங்கள் போக முடியாது. கன்றுக்குச் சொந்தமாக எதிர்ப்புச் சக்தியே இல்லை என்று சொல்ல முடியாது. கிருமியை விழுங்கும் அணுக்கள் அதன் ரத்தத்திலும் உண்டு. ஆனால் எந்தக் கிருமியையும் அவை முன்னால் பார்த்ததில்லை. பார்த்து, பழகி, அதற்கென்று ஆயுதம் செய்துகொள்ள வாரக்கணக்கில் ஆகும். சாணமும் மூத்திரமும் கலந்த தரையில் விழுந்த கன்றுக்கு அத்தனை அவகாசம் கிடையாது. அந்த இடைவெளிக்காகத்தான் தாய் தன் ரத்தத்தின் எதிர்ப்புப் புரதங்களைக் கன்று போடுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே மடியில் சேர்த்துவைக்கிறது. அந்தத் தாய் அதுவரை பார்த்த கிருமிகளுக்கெல்லாம் பதில் அந்தப் பாலில் இருக்கிறது. பிறந்த கன்றின் குடலும் அதற்கென்றே திறந்திருக்கும். அத்தனை பெரிய புரதத்தையும் செரிக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விட்டுவிடும். ஆனால் மணிக்கு மணி அந்தக் கதவு மூடிக்கொண்டே வரும். ஒரு நாள் போனால் அடைத்துவிடும். அப்புறம் எத்தனை குடம் சீம்பால் ஊற்றினாலும் வயிற்றோடு சரி, ரத்தத்தில் ஏறாது. போதாததற்கு, பால் நுழைகிற அதே கதவில் கிருமியும் நுழையும். எது முந்துகிறதோ அதற்குத்தான் இடம். காலையில் பிறந்த கன்றுக்குச் சாயங்காலம் பால் என்றால், நாள் முழுக்க அது எதை நக்கிக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்பேன்.

மாமா எல்லாவற்றையும் கேட்பார். தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். அதுதான் எனக்கு மேலும் ஆத்திரத்தைக் கிளப்பும். கேட்டு முடித்துவிட்டு, மாடு அத்தனை லிட்டர் தருகிறது, கன்று அதில் எவ்வளவு குடித்துவிடும் என்பார். அடுத்த கறவையிலும் சீம்பால்தானே வருகிறது என்பார். அடுத்த கறவையில் பாதிச் சத்துகூட இருக்காது மாமா, முதல் கறவைதான் கெட்டி என்றால், "அதனாலதான கர்வஸுக்கு அத எடுக்கறோம். ரெண்டாவது கறவைல சரியா உறைய மாட்டேங்குது" என்பார். அந்த இடத்தில் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவேன். சீம்பால் சூட்டில் உறைவதே அந்தப் புரதங்களால்தான். தட்டில் கெட்டியாக நிற்கிறதே என்று அவர் பெருமைப்பட்டது எதுவோ, அதுதான் கன்றின் ரத்தத்தில் இருந்திருக்க வேண்டியது. இதையும் சொன்னேன். "அப்படியா!" என்று வியந்தார். மறுநாள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், நம் பண்ணைக் கர்வஸில் நோய் எதிர்ப்புச் சத்து அதிகம் என்று செய்தி போட்டார். வேகவைத்தால் அந்தச் சத்து போய்விடும் என்று நான் சொன்ன பாதியை மட்டும் விட்டுவிட்டார்.

கறக்க வரும் அம்மாளும் எனக்குத் துணையாக இல்லை. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்று அவள் தீர்மானமாகச் சொல்வாள். அப்படி விட்டால் கன்றுக்குக் கழியும் என்பது அவளுடைய நம்பிக்கை. நம் ஊரிலும் பல வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். நஞ்சு விழக் காத்திருந்த நேரத்தில்தான் அந்தக் கன்றுகள் வீணாகப் போயின என்று அவளிடம் எனக்குத் தெரிந்த மராத்தியில் மன்றாடினேன். முதலாளி சொன்னால் செய்கிறேன் என்றாள். முதலாளிக்கோ அவள் சொன்னது வசதியாக இருந்தது. வீடியோக்களில் வராத பழைய அனுபவ ஞானம் என்று அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கன்று சாவதற்குக் காரணம் என்று அவர் கண்டுபிடித்தவை ஏராளம். முதலில் தண்ணீர் என்றார், சுத்திகரிக்கும் இயந்திரம் வந்தது. பிறகு கொட்டகையின் காற்று என்றார், பெரிய மின்விசிறிகள் வந்தன. தரைக்கு ரப்பர் விரிப்பு வந்தது. தீவனத்தில் மஞ்சள் கலந்தார். ஒரு வாஸ்துக்காரர் வந்து கன்றுக் கொட்டகையின் வாசலை மாற்றி வைத்தார். நான் ஒரு கன்றின் ரத்தத்தை எடுத்துவந்து பரிசோதித்து, எதிர்ப்புப் புரதம் ஏறவே இல்லை என்பதை எழுத்தில் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "சரி, புரதத்துக்கு என்ன டானிக் குடுக்கலாம்?" என்று கேட்டார். நான் வண்டியை எடுத்தேன். ஆளந்தி வழியாக லோஹேகாவ் வந்து சேரும்வரை வாய்க்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. இனி அந்தப் பண்ணைக்குப் போவதில்லை என்று கணவரிடம் சொன்னேன். போன மாதமும் இதையே சொன்னாய் என்றார்.

தீபாவளியின் முதல் நாளை இங்கே வசுபாரஸ் என்பார்கள். மாலையில் பசுவையும் கன்றையும் சேர்த்து நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து ஆரத்தி எடுக்கிற நாள். மாடி வீட்டுக் குடும்பங்களை எல்லாம் பண்ணைக்கு அழைத்து அந்தப் பூஜையை நடத்த வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை வந்தது. ஒரு பசு சரியாக அந்த வாரத்தில் கன்று போட இருந்தது. போட்டும்விட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு கிடேரிக் கன்று. மாமா பூரித்துப்போனார். முதல் கறவையைக் கன்றுக்கு விடாமல் எடுத்துக் கர்வஸ் செய்து, விருந்தினர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தார். வசுபாரஸ் அன்று இங்குள்ள பெண்கள் பலர் பாலோ பால் பண்டமோ தொட மாட்டார்கள். அன்று அது கன்றுக்கு உரியது. அதையும் அவர் விசாரிக்கவில்லை. பிறகு யாரோ சொன்னபோதும், "வீட்டுக்குக் கொண்டுபோய் நாளைக்குச் சாப்பிடட்டும்" என்று முடித்துக்கொண்டார்.

பூஜைக்கு முந்தைய நாள் அக்காதான் என்னை அழைத்தாள். கன்று எழுந்திருக்கவில்லை என்றாள். அக்கா அதுவரை பண்ணை விஷயத்தில் தலையிட்டதே இல்லை. பண்டிகை விடுமுறைக்கு, அலங்காரத்தில் உதவலாம் என்று போயிருந்தாள். நான் மருத்துவமனையில் சொல்லிவிட்டுச் சலைன் பாட்டில்களோடு போய்ச் சேர்ந்தபோது, கொட்டகை முழுக்கச் சாமந்தித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கன்று ஒரு மூலையில் சாக்கின் மேல் கிடந்தது. அக்கா அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு உடுத்தும் புடவையிலேயே உட்கார்ந்திருந்தாள். கழுத்து நரம்பில் ஊசி ஏற்றிச் சலைன் விட்டேன். கிருமிக்கு மருந்து போட்டேன். வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி உடம்போடு வைத்தோம். அந்த நேரத்தில் மாமா ஒரு சொம்போடு வந்து நின்றார். கர்வஸ் செய்தது போக மீதியிருந்த சீம்பாலாம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார்.

"இப்பக் குடுத்தா ஆகாதா அம்மிணி?"

இத்தனை மாதமாக நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லையா, அல்லது ஏறித்தான் அந்தச் சொம்போடு வந்து நிற்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. நான் ஏதாவது சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தையாகத்தான் வந்திருக்கும். "ஆகாதுங்க" என்று மட்டும் சொன்னேன். சொம்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

மறுநாள் காலை கன்று செத்துப்போயிற்று. பசு கட்டுத்தறியில் நின்றபடி கத்திக்கொண்டே இருந்தது. பூஜையை நிறுத்திவிடலாம் என்று அக்கா சொன்னாள். எல்லோரும் வண்டி ஏற்பாடு செய்துவிட்டார்கள், குழந்தைகள் ஆவலாக இருக்கிறார்கள் என்று மாமா மறுத்தார். மறுத்துவிட்டு அவர் செய்த காரியத்தை என் கணவரிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை. மாமா பக்கத்துப் பண்ணைக்குப் போய் ஒரு கன்றை இரவல் கேட்டு வாங்கி வந்தார். அதற்கு மாலை போட்டுப் பசுவின் அருகில் நிறுத்தினார். பசு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு எட்டி உதைத்தது. அதனால் இரண்டையும் நடுவில் ஆள் விட்டுத் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள்.

மாலையில் எல்லோரும் வந்தார்கள். பெண்கள் நல்ல பட்டுப்புடவைகளில் இருந்தார்கள். மாமா வேட்டி கட்டி ஆரத்தித் தட்டோடு நின்றார். அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்து நின்று பேசியதில் அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. காலையில் நடந்ததை மறந்தேபோனார் போலிருந்தது. அக்கா ஒரு மேசையில் டப்பாக்களை அடுக்கி, வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் பெண்மணி, நல்லவர், கன்றைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்து, ஏன் தாயும் கன்றும் இப்படித் தள்ளித் தள்ளி நிற்கின்றன, இது இந்தப் பசுவின் கன்றுதானா என்று அக்காவிடம் சாதாரணமாகக் கேட்டார். ஆமாம் ஆமாம் என்று மாமா அங்கிருந்தே சொன்னார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வங்கியில் இன்று சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்வாளே, அதே குரலில் இந்தியில் சொன்னாள்: "இல்லை. இதன் கன்று காலையில் செத்துவிட்டது. அது குடித்திருக்க வேண்டிய பால்தான் இந்த டப்பாவில் இருக்கிறது."

அந்தப் பெண்மணி டப்பாவைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக மேசைமேல் திருப்பி வைத்தார். கோபமாக வைக்கவில்லை. ஏற்கனவே வாங்கிப் பையில் போட்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆரத்தி நடந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு வண்டிகளில் ஏறிப் போனார்கள். மாமா அந்த மேசையைப் பார்த்தபடி நின்றார். அக்கா என் வண்டியில் ஏறிக்கொண்டாள். சாகண் சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றோம். அவள் புடவையில் கன்றின் கழிச்சல் காய்ந்திருந்தது. பூஜைக்கு அவள் புடவை மாற்றவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். "ஒரு நாள்கூட நானும் கேக்கலையே" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். எனக்கு மாமாவின் மேல் இருந்த ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை. ஆனால் தனியாகப் பண்ணையில் நின்ற மனிதர் ஏதாவது சாப்பிட்டிருப்பாரா என்ற நினைப்பும் வந்தது. அப்படி நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

தீபாவளி முடிந்து சில நாளில் மாமாவின் அழைப்பு வந்தது. வழக்கமான சிரிப்பு இல்லை. "இனிமே கர்வஸ் கெடையாது. என்ன பண்ணோணும்னு சொல்லு, அப்படியே செய்யறேன்" என்றார். சொன்னேன். அத்தோடு என் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. முன்பு ஒன்றுமே கேட்காமல் படுத்தியவர், இப்போது எல்லாவற்றையும் கேட்டுப் படுத்தினார். சினைப் பசு வாலைத் தூக்கினால் எனக்கு அழைப்பு வரும். நான் ஏதோ ஒரு வீட்டு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பேன், சீம்பாலின் அடர்த்தி பார்க்கும் கருவியில் கோடு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பார். கன்று வாங்கக்கூடிய அளவெல்லாம் போக மிஞ்சிய நல்ல சீம்பாலை உறையவைத்துச் சேமிக்கலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பெரிய உறைபெட்டி வாங்கி, ஒவ்வொரு பையிலும் எந்தப் பசு என்று எழுதி அடுக்கிவிட்டார்.

அந்தச் சேமிப்புக்கு வேலையும் வந்தது. தலையீற்றுப் பசு ஒன்று முதல் கன்றைப் போட்டுவிட்டு மடியில் பாலே இறக்கவில்லை. மாமா உறைந்த பையை எடுத்து உருக்கினார். கை தாங்குகிற வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கிருமி இருக்கக் கூடாதே என்று அவர் தன் யோசனையில் கொதிக்கிற தண்ணீரில் வைத்திருக்கிறார். பால் கட்டி கட்டியாகிவிட்டது. கட்டியை மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்துவிட்டு, வடிந்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கன்றுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, எனக்கு அழைத்தார். எல்லாம் நேரத்தோடு முடிந்தது, கன்று ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டது, பாட்டிலைக்கூட நன்றாகக் கழுவித்தான் கொடுத்தோம் என்று அத்தனை சந்தோஷமாகச் சொன்னார். வடிகட்டிய கட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஓரமாக வைத்திருக்கிறேன் என்றார்.

"மாமா, நீங்க மறுபடியும் கர்வஸ் செஞ்சிருக்கீங்க."

மிகச் சின்னக் குரலில், இன்னும் பை இருக்கிறது, கதவு இன்னும் திறந்துதானே இருக்கும் என்று கேட்டார். திறந்துதான் இருக்கும், அதன் வயிற்றில் வெறும் தண்ணீரை நிரப்பிவிட்டீர்கள், கொஞ்சம் பொறுத்து, பிறகு கொடுங்கள் என்றேன். தொலைபேசியை வைக்க வேண்டாம் என்றார். மருத்துவமனையின் பின்பக்க வராந்தாவில் நான் நின்றுகொண்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தன் கையை விட்டுப் பார்த்தார். அக்காவையும் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். அக்கா அன்று அங்கே இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பால் உருகுவதற்குள் என் பொறுமை உருகிவிட்டது. பாட்டிலை எடுத்து, கன்றின் தலையை நிமிர்த்தி அவர்கள் கொடுக்க, அது உறிஞ்சுகிற சத்தம் தொலைபேசியில் கேட்டது.

அந்தக் கன்று கழியவே இல்லை. இரண்டாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தேன், புரதம் நன்றாக ஏறியிருந்தது. இன்று அது வளர்ந்து தானும் கன்று போட்டுவிட்டது. அதற்குப் பின் பிறந்த கன்றுகளில் சாவே இல்லை என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு போகும். ஆனால் முன்புபோல வரிசையாகப் போவதில்லை. கறக்க வரும் அம்மாளும் நஞ்சு விழக் காத்திருப்பதை விட்டுவிட்டாள். முதலாளி சொல்லிவிட்டாராம்.

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் என் எரிச்சல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாமா இப்போது சீம்பாலுக்கே அத்தாரிட்டி ஆகிவிட்டார். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களை உட்காரவைத்து, தட்டுத்தடுமாறும் மராத்தியில் குடல் கதவைப் பற்றிச் சொல்கிறார். கதவு என்ற உவமை என்னுடையது. வீடியோவும் போடுகிறார். அதில் ஒன்றைப் பார்த்த என் மருத்துவமனை டாக்டர், இவர் எவ்வளவு எளிமையாக விளக்குகிறார் பாருங்கள் என்று எனக்கே அனுப்பினார். ஒரு குடும்பக் கல்யாணத்தில், கால்நடை மருத்துவர்கள் இதையெல்லாம் சொல்லித் தருவதே இல்லை என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். நான் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகர்பட்டாவுக்குப் போயிருந்தேன். மாமாவும் நானும் கீழே போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினோம். நடுவில் ஒரு தம்பதி ஏறினார்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் அல்ல. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, என்ன காகா, கர்வஸை மறந்தே விட்டீர்களா, முன்பெல்லாம் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பீர்களே, இப்போது கஞ்சன் ஆகிவிட்டீர்கள் என்று மராத்தியில் கேட்டாள். அவர்கள் வசுபாரஸ் அன்று பண்ணைக்கு வந்தவர்கள் அல்ல போலும். நான் மாமாவைப் பார்த்தேன். இப்போது தொடங்கப்போகிறார், பத்து மாடியும் குடலைப் பற்றித்தான் பேச்சு என்று பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் விளக்கவில்லை. "ஹோ, ஜாலோ" என்றார். ஆமாம், ஆகிவிட்டேன் என்று அர்த்தம். அவளுடைய கணவர் உரக்கச் சிரித்தார். மாமாவும் கூடச் சிரித்துவைத்தார். அவர்கள் தங்கள் மாடியில் இறங்கும்போது, பழையபடி கைகூப்பவோ விசாரிக்கவோ இல்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டே போனார்கள்.

கதவு மூடியது. எனக்கு என்னவோ போலிருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, மிகவும் பொறுமையாக ஆரம்பித்துவிட்டார்.

"பொறந்த கன்னோட கொடல் இருக்குதே அம்மிணி, அது கொஞ்ச நேரந்தான் தொறந்திருக்கும்."

"தெரியுமுங்க மாமா" என்றேன்.

"தெரிஞ்சா மட்டும் பத்தாது. நேரத்துக்குக் குடுக்கோணும்" என்றார்.